ஸ்டெல்லா அக்கா, எம்.ஏ.

ஸ்டெல்லா அக்கா இன்று காலை இறந்துவிட்டார். மேனாம்பேட்டில், அவர் வீட்டிலேயே. கிட்னி ஃபெயிலியர்.

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு முகப்பேரில் என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். கிளம்ப வேண்டும்... எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

அக்கா என் கிளாஸ்மேட். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ., நவீன ஊடகமும் சமூகமும். நான் புரமோஷனுக்காகச் சேர்ந்தேன். அக்கா சேர்ந்தது வேறு காரணத்துக்கு.

"என் கல்யாணப் பத்திரிகைல ஊட்டுக்காரர் பேருக்குப் பின்னாடி பி.காம்.னு போட்டாங்க நைனா. என் பேருக்குப் பின்னாடி ஒண்ணியும் இல்ல. எம்பொண்ணு பத்திரிகைல அவங்கம்மா பேருக்குப் பின்னாடி எம்.ஏ.ன்னு வரணும்."

அதற்காகவே பி.ஏ.வையும் தபாலில் முடித்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்கு பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

பூந்தமல்லியில் முதல் ஞாயிறு வகுப்பு. சர்ச்சில் பூசை முடித்துப் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தவரை லெக்சரர் என்று நினைத்து, "மேடம், அட்டெண்டன்ஸ் எங்க போடணும்?" என்று கேட்டேன். "நானும் உன்ன மாரி ஸ்டூடண்ட்தான். இப்டி வந்து குந்து" என்றார்.

அந்தப் பாடப் புத்தகங்களை எங்களில் யாரும் ஒழுங்காகப் படித்ததில்லை. அக்காதான் படித்துவிட்டு, சமைத்துக்கொண்டே வாய்ஸ் நோட் போடுவார். நடுநடுவே குக்கர் விசில்.

ஃபில்டர் பபிள் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்ததே அப்படித்தான். "நமக்குப் புட்சதையே காட்டிக்கினு இருப்பான் நைனா. மீன் கடைக்காரன் என்னப் பாத்தவொடனே வஞ்சிரத்த எடுத்து வெக்கிறானே, அதே மாரிதான். மத்த மீனு கீதுன்றதே மறந்துபூடும்." எக்ஸாமில் அதைத்தான் நல்ல தமிழில் எழுதி வைத்தேன். பாஸ்.

பேட்ச் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். ஒவ்வொரு செமஸ்டரும் ரோல்கால் போடுவேன். இரண்டு நாளில் கட்டைவிரல் போடாதவர்களைத் தூக்கிவிடுவேன். கோர்ஸை விட்டுப் போனவர்கள் குரூப்பில் உட்கார்ந்து மனை விற்கிறார்கள் என்று எனக்குக் கடுப்பு. பெரிய ஹெட்மாஸ்டர் நான்.

கடைசி செமஸ்டரில் ஏழு பேரைத் தூக்கினேன். கட்டைவிரல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன், பெயரைப் படிக்கவில்லை. அதில் ஒருவர் ஸ்டெல்லா அக்கா. அந்த வாரம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எனக்குத் தெரியாது... விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதே வாரம் புராஜெக்ட் அப்லோடு செய்யும் கடைசித் தேதியை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். குரூப்பில் போட்டேன். எல்லோரும் அப்லோடு செய்தோம்.

அக்காவின் புராஜெக்ட் முடிந்து லேப்டாப்பிலேயே கிடந்தது. அவர் அபார்ட்மென்ட்டின் தண்ணி லாரி வாட்ஸ்அப் குரூப்பில் யார் பேசுகிறார்கள், யார் வாயே திறப்பதில்லை என்பதைப் பற்றியது. எங்கள் எல்லோருடையதையும் விட நல்ல புராஜெக்ட்.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தார். "இன்னா நைனா, நீ என்னைத் தூக்கிட்டன்னு காட்டுது. கை தவறி அமுக்கிட்டியா?"

"ஆமாக்கா" என்றேன்.

தேதி போனதைச் சொன்னேன். "சரி வுடு. அடுத்த வாட்டி போட்டுக்கலாம். பாப்பாவாண்ட சொல்லாத, பாவம், அயுவும்" என்றார்.

அடுத்த வாட்டிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

சாவுச் செய்தியைச் சொல்ல இன்று போன் செய்தது அந்தப் பாப்பாதான், அக்கா மகள் ஜெனிபர். அழுது முடித்துவிட்டுக் கேட்டாள். "அண்ணா, போஸ்டர் அடிக்கக் குடுக்கணும். அம்மா எம்.ஏ. முடிச்சிட்டாங்கல்ல? பேருக்குப் பின்னாடி போட்டுடலாமா?"

"போடும்மா" என்றேன். உண்மையைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இங்கே ஃபேஸ்புக்கில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜெனி, இதை நீ படிப்பாய். போஸ்டரை மாற்றாதே. உங்கம்மா முழுசாகப் படித்தவர். என்னைத் திட்ட வேண்டுமென்றால் நேரில் திட்டு, வருகிறேன்.

நாலு மணிக்குக் கோயிலில் பூசை. பேட்ச் ஆட்கள் வந்துவிடுங்கள். நான் தூக்கிய ஆறு பேரும்தான்.

அக்கா, பாப்பாவிடம் சொல்லாதே என்றீர்கள். சொல்லிவிட்டேன். உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும்...

கை தவறி அமுக்கவில்லை அக்கா. போய் வாருங்கள்.