ஒரு காது

ராஜாங்கத்துக்கு மூத்திரப்பையில் புற்று. ஆஸ்பத்திரியில் அதை அப்படியே எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டி, தொப்புளுக்கு வலப்பக்கம் மூத்திரத்துக்கு வழி வைத்து அனுப்பினார்கள். அந்தச் சிவந்த துளையின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். வடக்கனந்தல் டீக்கடையில் அவருக்குப் புதுப்பேரே வைத்துவிட்டார்கள்: வாட்டர் டேங்க்.

அதையும் பொறுத்துக்கொண்டார். தங்கச்சி ராதிகாவின் மகள் அபிநயாவுக்குத் தன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். தாய்மாமனாக அவர் கேட்டது அது ஒன்றுதான்.

ராதிகா தயங்கினாள். "பெரியப்பா மவன் செல்லமுத்து மடியில வெச்சிக்கலாண்ணா. நீ பக்கத்துல குந்திக்கினு இரு."

"நான் இன்னா செத்தா பூட்டேன்?"

ராதிகா சரியென்று தலையாட்டினாள்.

ஆபரேஷனுக்கு முன் அவருடைய அரைஞாண் கயிற்றை அறுத்திருந்தார்கள். பிணத்துக்குத்தான் அதை அறுப்பது வழக்கம். மனைவி அமிர்தத்துக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பை மேல் எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியும், விசேஷத்தன்று காலை புதுக் கறுப்புக் கயிற்றைப் பை மேலேயே இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"இனிமே ஆடாம அசையாம கெடக்கும், போங்க."

நைனார்பாளையத்துக் கோயிலில், பட்டுப்பாவாடையோடு குழந்தை மடியில் ஏறியது. ஆசாரி வலது காதில் கம்பியை இறக்கினார். குழந்தை வீறிட்டு உதைத்தது. கயிற்றுக்கு மேலே தேங்கி நின்ற மூத்திரம் இறங்க வழியில்லாமல் பை ஒட்டியிருந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது. வேட்டியும் நனைந்தது, பாவாடையும் நனைந்தது.

"பாப்பா மாமனுக்கே சீர் செஞ்சிட்ச்சு டோய்!" யாரோ கூவ, பந்தலே சிரித்தது.

"நான் இல்ல! மாமாதான்!" என்று அழுதது குழந்தை.

ராதிகா குனிந்து பார்த்தாள். ஈரம் அண்ணன் வயிற்றிலிருந்துதான் இறங்கியிருந்தது. நிமிர்ந்து, மகள் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். "பொய்யா சொல்ற? மாமா இன்னா உன்ன மாரி கொழந்தையா?"

ராஜாங்கம் வாயைத் திறந்தார். சுற்றிலும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூடிக்கொண்டார்.

இடது காது பாக்கி. மறுபடி மடியில் வைக்கப் போனபோது குழந்தை அவர் நெஞ்சில் உதைத்தது. "மாமா வேணாம்! பொய் மாமா!"

செல்லமுத்து வந்து சம்மணம் போட்டான். குழந்தை தானாகவே போய் அவன் மடியில் ஏறிக்கொண்டது.

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். "பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்குங்க. ஈரம் தெரியுது."

ராஜாங்கம் தள்ளிக்கொண்டார்.