தட்டில் செத்த கிருமியும் தங்கராசு அண்ணன் காலும்

"அந்தப் பிள்ளையா? எம்மெஸ்ஸி படிச்சிட்டுச் சீழ் வாங்கிட்டுப் போக வருது."

கோச்சடையில் ஒரு சிறிய மருத்துவமனை. புண் கட்டும் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்த கெண்டைக்கால் கட்டுக்காரர் ஒருவர், பக்கத்து ஆளிடம் என்னைப் பற்றிச் சொன்னது இது. கதவுக்குப் பின்னால் நான் நின்றதை அவர் பார்க்கவில்லை. கோபப்பட என்ன இருக்கிறது? என் வேலையை என் நியமனக் கடிதம்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மாதக்கணக்கில் ஆறாத புண்களிலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி வாங்க வேண்டும். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கிருமியைத் தட்டில் வளர்க்க வேண்டும். குப்பைமேனி, மஞ்சணத்தி, வெட்டுக்காயப் பூண்டு என்று ஒவ்வொரு இலைச் சாறாக வைத்து, எது அதை அடக்குகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் தட்டோடு சரி, மனிதர் மேல் ஒரு சொட்டும் படாது. எங்கேயாவது ஆராய்ச்சி உதவியாளராகக் குப்பை கொட்டியிருந்தீர்கள் என்றால், மேற்கொண்டு தலையாட்டிக்கொண்டே படிப்பீர்கள்.

பூனைகள் வந்த நாள்

குப்பைமேனியை வேரோடு பிடுங்கி, கழுவி, மொட்டை மாடி நிழலில் செய்தித்தாள் விரித்துக் காயப்போட்டோம். ஆய்வக உதவியாளர் பாண்டி அண்ணன்தான் காவல். அவர் டீ குடிக்கப் போய் வந்த பத்து நிமிடத்துக்குள் வளாகத்துப் பூனைகள் மொத்தமும் மேலே ஏறிவிட்டன. ஒன்று வேரை நக்குகிறது. ஒன்று இலை மேல் புரள்கிறது. இன்னொன்று கண் சொருகி மல்லாந்து கிடக்கிறது. அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் உண்டு எனப் படித்திருக்கிறேன். இத்தனை பக்தி என்று நினைக்கவில்லை. மூன்று நாள் வேலை போய்விட்டது. பாண்டி அண்ணன் துண்டை வீசி வீசிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மருந்து மனுசனுக்குக் கேக்குமோ கேக்காதோ, பூனைக்கு நல்லாக் கேக்குதும்மா."

தரையைப் பார்த்துக் கேட்டது

மாதிரி எடுக்குமுன் படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் 'உங்கள் சீழ் கொஞ்சம் வேண்டும்' என்று கேட்கும் விதம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. எனக்கோ கடையில் சில்லறை பாக்கி கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தங்கராசு அண்ணனுக்குக் கப்பலூரில் லேத் வேலை. நாள் முழுக்க நின்றே செய்ய வேண்டும். சர்க்கரை உண்டு. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஐந்து மாதமாக ஆறாத புண். "மூணு வாரம் பாப்போம். அதுக்கு மேல உள்ள எறங்குச்சுன்னா விரலை எடுக்கவேண்டி வரும்" என்று டாக்டர் சொல்லிவிட்டு நகர்ந்த அதே நிமிடத்தில் நான் படிவத்தோடு போய் நின்றேன். தலை தானாகக் குனிந்துகொண்டது. ஒன்றரைப் பக்கத்தையும் டைல்ஸிடம் வாசித்து முடித்தேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"எம்புட்டு நேரமாத் தரையவே பாத்துக் கேக்குற தாயி? புண்ணு ஸ்டூல் மேல இருக்கு, இங்க பாத்துக் கேளு."

சேமியா ஐஸ்

அவருடைய மாதிரியைக் குழாயில் மூடி, பைக்குள் பையாகச் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து டவுன் பஸ் ஏறினேன். மத்தியான வெயில். பக்கத்தில் இருந்த அக்கா பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தவர், "பால் ஐஸா, சேமியா ஐஸா?" என்றார். உள்ளே இருப்பதைச் சொன்னால் பஸ்ஸே காலியாகிவிடும். "தீந்துபோச்சுக்கா" என்று முனகிவிட்டு, பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தீந்துபோன பெட்டியத்தான் இந்தக் கட்டு கட்டிப் பிடிச்சிருக்கியாக்கும்!"

வட்டம்

அடுத்த வாரம் தங்கராசு அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "எம் புண்ணு பாஸா, பெயிலா?" என்றார். என் வேலையைப் பற்றி ஒருவர் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. செல்போனில் படத்தைக் காட்டினேன். தட்டு முழுக்க அவருடைய கிருமி மேகம் மாதிரி படர்ந்திருக்க, மஞ்சணத்திச் சாறு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் கண்ணாடி போலத் தெளிந்த ஒரு வட்டம். "இந்த வட்டத்துக்குள்ள கிருமி செத்துருச்சுண்ணே" என்றேன். அதுவரை அந்த மருத்துவமனையில் நான் பேசிய மொத்தத்தையும்விட அன்று அதிகம் பேசினேன். இலையைக் காயவைத்ததையும் சாற்றை இறக்கி வடிகட்டியதையும் மட்டும் சொல்லவில்லை. அவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"பட்டறைக்குப் பின்னாடியே நிக்கிது இந்தச் செடி. இதுக்கா அஞ்சு மாசமா அலையுறேன்!"

பாராட்டு என்று நினைத்து வீட்டுக்குப் போனேன்.

பச்சைப் புள்ளி

அதற்கடுத்த வாரம் செல்வி சிஸ்டர் கட்டைப் பிரித்ததும் அறையில் நாற்றம். புண் அகலமாகியிருந்தது. "மருந்து மாத்தியும் அடங்கலையே" என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். சிஸ்டர் சர்க்கரையைத் திட்டினார், லேத்தைத் திட்டினார், லேத் முதலாளியையும் திட்டினார். சிஸ்டர் கழற்றிப் போட்ட துணியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் எப்போதும் பிளாஸ்டர் ஒட்டித்தான் முடிப்பார். இதில் முடிச்சு இருந்தது. உள் மடிப்பில் எள்ளளவு பச்சை. மாதக்கணக்கில் மஞ்சணத்தி இலை அரைத்தவளுக்கு அந்தப் பச்சையைத் தெரியாதா? சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும், "இலை வச்சீங்களாண்ணே?" என்று கேட்டேன். பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துக் காட்டினார். உள்ளே நாலைந்து இலைகள். சாக்கடை ஓரத்துச் செடி, தினமும் கல்லில் நசுக்கி வைக்கிறாராம்.

"உந் தட்டுல சாகுற கிருமி எங் கால்ல சாகாதா? சிஸ்டர்ட்டச் சொல்லிறாத தாயி, வையும்."

மேடத்தின் மேசை

சொன்னேன். அன்றைக்கே சிஸ்டரிடம் சொன்னேன், வசவு வாங்கினேன். சாயங்காலம் ஆய்வை நடத்தும் எங்கள் மேடத்திடமும், படம் காட்டியதில் தொடங்கி எல்லாவற்றையும், மேசைக் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னேன். மேடம் உடனே டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் தங்கராசு அண்ணனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். ஆனால், "சரிங்க சரிங்கங்குறாரு, டப்பாவ விடமாட்டேங்குறாரு" என்று இரண்டு நாளில் சிஸ்டர் போன் செய்துவிட்டார். எப்படி விடுவார்? கிருமி செத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார், என் செல்போனில். மறுபடி மேடத்தின் அறைக்குப் போய், அண்ணன் டப்பாவில் இருக்கும் இலை ஒன்றை அப்படியே தட்டில் பதித்து, அதில் ஒட்டியிருக்கும் கிருமியை வளர்க்கலாமா, அந்தத் தட்டை மூடி ஒட்டி அவரிடம் காட்டலாமா என்று கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"சேந்து ஆறு மாசத்துல நீயா வந்து கேட்டது இது ஒண்ணுதான். அதுவும் சாக்கடை இலை!"

இலையின் அச்சு

இலை கேட்டதும் தங்கராசு அண்ணனுக்கு ஏக சந்தோஷம். நான் அவர் கட்சிக்கு வந்துவிட்டதாக நினைத்து, இரண்டாகவே கொடுத்தார். மூன்றாம் நாள் தட்டை எடுத்துப் பார்த்தேன். வெள்ளையும் மஞ்சளும் வழவழப்புமாகக் கிருமிகள் ஓர் இலையை வரைந்து வைத்திருந்தன. நடுநரம்பு, பக்க நரம்பு, காம்பு, எதுவும் விட்டுப்போகவில்லை.

சுற்றிலும் டேப் ஒட்டிய தட்டை, மூடிபோட்ட தெளிவான டப்பாவுக்குள் வைத்து அவரிடம் நீட்டினேன். லேத்தில் கடைந்த சாமானைச் சோதிப்பவர் போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தே பேசினேன். "இது நீங்க குடுத்த இலைண்ணே. அன்னைக்கு நான் காட்டுனது காயவச்சு, சாறு எடுத்து, வடிகட்டினது. அதையே இன்னும் யார் கால்லயும் நாங்க வைக்கல. நான்தான் பாதியச் சொல்லிட்டு மீதிய முழுங்கிட்டேன்."

"இம்புட்டும் எம் புண்ணுக்குள்ளயா?"

"ஆமாண்ணே."

அவர் தட்டை என்னிடம் திருப்பித் தந்தார். பையைத் திறந்து டிபன் டப்பாவைச் சிஸ்டரிடம் கொடுத்தார். டாக்டர் இன்னும் இரண்டு வாரம், இதுதான் கடைசி என்றார். அண்ணன் பட்டறைக்கு லீவு சொன்னார். சிஸ்டர் டப்பாவை ஆட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"நான் கத்துனதெல்லாம் காத்தோட போச்சு, உன் தட்டு ஒரே தட்டுல அவரு மண்டைல ஏறிருச்சு பாரு!"

மஞ்சள் வாளி

இரண்டு வாரம் கழித்து டாக்டர் கட்டைப் பிரித்து, அழுத்திப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். நாற்றம் இல்லை. அடியில் செக்கச்செவேல் என்று புதுச் சதை. "விரல் இருக்கட்டும். வாரம் ரெண்டு தடவ வந்து கட்டிட்டுப் போங்க" என்றார். தங்கராசு அண்ணன் தலை குனிந்து வெகுநேரம் தரையையே பார்த்திருந்தார்.

பிறகு என்னிடம், இலைத் தட்டின் படத்தைத் தன் செல்போனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டு, மெல்ல விந்தி வெளியே போனார். பெஞ்சில் அந்தக் கெண்டைக்கால் கட்டுக்காரர் இருந்தார். சட்டைப் பையில் ஒரு பாலித்தீன் பை, அதற்குள் ஏதோ அரைத்த பச்சை. தங்கராசு அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைக் காட்டி, இரண்டு விரலால் பெரிதாக்கினார். மற்றக் கையால் அந்தப் பையை உருவிக்கொண்டு வந்து, புண் கட்டும் அறையில் கழிவு போடும் மஞ்சள் வாளியில் போட்டார்.