சூசைதாசனின் வலது கால்

குருநகர்ச் சூசைதாசனைப் பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரில் ஒருவராக ஃபாதர் அறிவித்ததுதான் தாமதம், மனுசனைப் பிடிக்க முடியவில்லை. பின்னே என்ன, ஊரறிந்த குடிகாரனாக இருந்தவர். கோயில் வாசலில் விழுந்து கிடந்ததைச் சனம் லேசில் மறக்குமா? குடியை விட்டு ஆண்டுக்கணக்காகியும், அந்தப் பன்னிரண்டு அப்போஸ்தலர் கதிரை என்றால் ஒருவர் வாயிலும் அவர் பெயர் வரவில்லை. இந்தத் தவக்காலத்தில்தான் வந்தது. மனைவி மார்கிரட் மீன் விற்கும் சந்தைக்கே போய், கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் சொல்லிவிட்டு வந்தார் மனுசன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கெளிற்று மீன்முள் ஏறியது. கரையில் வலை உதறும்போது வலது உள்ளங்காலில் குத்தியதை அவர் உணரவே இல்லை. வீட்டு நிலத்தில் இரத்தத்தைக் கண்டுதான் தெரிந்தது. அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. அந்த வருத்தக்காரரின் கால் அப்படித்தான் மரத்துப் போகும். அதற்கு ஆஸ்பத்திரியில் விழுங்கக் குளிசை கொடுத்திருந்தார்கள். மனுசன் அதை அலுமாரித் தட்டில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

முள்ளைப் பிடுங்கி மஞ்சள் அப்பினார். காயம் மூடவில்லை, ஆனால் சீழும் கட்டவில்லை. கரையோரத்துக்காரருக்கு முள்ளுக் குத்து என்றால் சீழ் வைத்தால்தான் பயம், இல்லையென்றால் மிச்சத்தைக் கடல்தண்ணீர் பார்த்துக்கொள்ளும். தன் இரத்தம் அவ்வளவு சுத்தமாம் என்று அதிலும் அவருக்கு ஒரு பெருமை.

மார்கிரட்டுக்கு மனம் ஒப்பவில்லை. ஒருநாள் சோறு போட வந்தவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கடை கால் மணக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

போனால் வாட்டில் படுக்கவைத்து மறித்துவிடுவார்கள். மறித்தால் வியாழக்கிழமை அந்தக் கதிரையில் வேறொருத்தன் இருப்பான். அந்த எரிச்சலில் வாயை விட்டார்.

"நாள் முழுக்க மீன் நாத்தத்திலை கிடக்கிற மூக்கு உது. உனக்கு எல்லாம்தான் மணக்கும்."

அவள் சட்டியை எடுத்துச் சோற்றைப் போட்டாள். அவர் குடித்துக் கிடந்த காலமெல்லாம் வீட்டில் உலை வைத்தது அந்த மீன்தான். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை.

பெரிய வியாழன் மாலை, காயத்துக்குப் பஞ்சு வைத்து, மேலே ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் தெளித்து, வெள்ளைக் காலுறை மாட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். கழுவுவது வலது காலை. தன் முறை வந்ததும் இடது காலை நீட்டிவிடலாம் என்பது திட்டம். என்ன பெரிய திட்டம்! ஃபாதர் முழந்தாளிட்டார், இடது கால் நீண்டது, அவர் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு சரியவில்லை. மற்றக் காலுறையில் ஊறியிருந்த ஈரத்தை ஃபாதர் கண்டுவிட்டார்.

"அதைக் கழட்டுங்கோ அண்ணை" என்றார் மெல்ல.

கழற்றியதும் பக்கத்துக் கதிரைக்காரர் சட்டைப்பை லேஞ்சியால் மூக்கைப் பொத்தினார். முன் வாங்குகளில் இருந்தவர்களும் பொத்தினார்கள். வாசலில் விழுந்து கிடந்த நாள்களில் வராத வெட்கம் அவருக்கு அப்போது வந்தது. அன்றைக்கு மறைக்கக் குடிவெறியாவது இருந்தது. இன்றைக்கு ஒன்றும் இல்லை. பெண்கள் பக்கமிருந்து மார்கிரட் எழுந்து வந்து, கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்கினாள். முழுக் கோயிலும் பார்த்திருக்க, அவள் தோளில் தொங்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் அழுகல் பரவிய இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். சீழே வைக்கவில்லையே பிள்ளை என்று அவர் முனக, டொக்டர் தனுஷா கதிரையை இழுத்துப் போட்டு விளங்கப்படுத்தினார். காயத்தில் புகுந்த கிருமியும் கிழிந்த தசையும் சில இரசாயனங்களைக் கசியவிடுமாம். இரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுவுக்குக் கண் இல்லை. ஆனால் அந்த இரசாயனத்தை உணர்கிற இடங்கள் அதன் மேலெல்லாம் உண்டு. எந்தப் பக்கம் அந்த இரசாயனம் கூடுதலாக இருக்கிறதோ அந்தப் பக்கம் உடம்பை நீட்டி, இரத்தக்குழாய்ச் சுவருக்குள்ளால் நெரித்து வெளியே வந்து, ஊர்ந்து போகும். போனவை மற்றவற்றையும் கூப்பிடும். கிருமியைத் தின்று அங்கேயே சாகும். சீழ் என்பது பெரும்பாலும் அவைதான்.

"ஒழுங்கையிலை நிண்டே எந்த வீட்டிலை மீன் பொரிக்கினம் எண்டு பிடிப்பியள்தானே ஐயா, அப்பிடித்தான். சீனி கூடினால் அதுகளுக்கு மணமும் சரியாப் பிடிபடாது, நடையும் தளர்ந்துபோம். சீழ் இல்லாதது சுத்தம் இல்லை ஐயா. வரவேண்டியவை வந்து சேரேல்லை."

தனக்குள்ளே மூக்குச் செத்துக் கிடக்க, வீட்டில் இருந்த நல்ல மூக்கைப் பார்த்து என்ன சொன்னோம் என்று அவருக்கு நெஞ்சைச் சுட்டது. கட்டிலடியில் மார்கிரட் தேத்தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வெட்கம் விடவில்லை. குளிசைக்கு இப்போது மறுபேச்சில்லை. சந்தைக்குப் போகுமுன் மார்கிரட் அவர் காலை மடியில் வைத்துக் கழுவிக் கட்டுவாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். மன்னிப்புக் கேட்டு அந்த வாய்க்குப் பழக்கமில்லை. ஒருநாள் அவள் துணியைச் சுற்றப்போகக் கையைப் பிடித்தார்.

"கட்டாதை. ஒருக்கா மணந்து பார்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, அந்தக் காலுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து, அவசரப்படாமல் மணந்தாள்.

"இல்லை" என்றாள். "இண்டைக்கு மணக்கேல்லை."

அவர் அழுததைக் காணாதவள் போலத் துணியை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள்.