ஓய்வெடுக்க மறுத்த சர்வர்கள்

அன்று ஆபீசில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி, அவர் மனைவி, லாரி ஓட்டும் அண்ணன், நான். சிங்கப்பூரில் இருக்கும் இன்ஜினியர் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், அவர் அப்போது கோயிலில் இருந்தார், போன் ஊமையாக இருந்தது. அதனால் சேர்க்க முடியாது.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், செனாயில் மூன்று லாரிகளை வைத்துத் தொழில் நடத்தும் சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். நெட்வொர்க் கேபிள் இழுக்கப் போய், அப்படியே ஒட்டிக்கொண்டு, இப்போது கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால் பெரும்பாலும் கவலைப்படுவது. இடிமழை வந்தால் கவலை. மழையில்லாமல் லைன் மெதுவானால் அதைவிடக் கவலை.

போன வருஷம் வரை எங்கள் சர்வர் மாடிப்படிக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டியாக இருந்தது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சுவரில் சுவிட்சை அணைத்துவிடுவோம். மறுநாள் காலைதான் மறுபடி போடுவோம். தொழில் செய்யும் ஆயுதம் அன்று ஓய்வெடுக்க வேண்டும் என்பது முதலாளியின் மனைவியுடைய சட்டம். லாரிகளும் அப்படித்தான் நிற்கும். இந்த வருஷம் இன்ஜினியர் பெண் எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு, அதாவது எங்கோ வாடகைக்கு ஓடும் சர்வர்களுக்கு, மாற்றிவிட்டார். பெட்டி பழைய இரும்புக்குப் போனது.

"இப்ப எதுக்குடா பொட்டு வைக்கிறது?" என்று அக்கா குங்குமக் கிண்ணத்தோடு நின்றார். முதலாளியின் மனைவியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"அது எங்கயோ இருக்குக்கா. சிங்கப்பூரா, இங்கயே பக்கத்துலயான்னு இன்ஜினியருக்கே தெரியாது."

"தெரியாத எடத்துல வச்சா கணக்க வச்சிருக்கீங்க?"

அதே கேள்வி எனக்கும் பல மாதமாக இருந்தது. கடைசியில் அக்கா என் திரையிலேயே பொட்டு வைத்தார். அதில் எங்கள் இரண்டு சர்வர்களும் இரண்டு பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். ஆளுக்கொரு பொட்டு.

"சரி, அணைச்சிடு" என்றார் முதலாளி.

"பாஸ், இன்ஜினியர ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். போன் எடுக்க மாட்றாங்க."

"சுவிட்ச அணைக்க சிங்கப்பூர்ல பர்மிட் வாங்கணுமா? தள்ளு."

அவரே உட்கார்ந்து, நிறுத்து என்ற இடத்தை இரண்டு தடவை அழுத்தினார். புள்ளிகள் சாம்பல் நிறமாயின. அக்கா கற்பூரத்தட்டை எடுத்தார். தீக்குச்சி உரசுவதற்குள் திரையில் ஒரு பச்சை. பிறகு இன்னொன்று.

"அலமாக்! எழுந்திருச்சிருச்சு" என்றார் டிரைவர் அண்ணன்.

முதலாளி மறுபடி அணைத்தார். மறுபடி எழுந்தது. மூன்றாவது முறை அவர் அழுத்திய அழுத்தில் மவுஸ் மேசையை விட்டு விழுந்தது. சற்று நேரத்தில் பச்சை.

"லீவு குடுத்தா வேணாங்குது பாஸ். நம்ம கம்பெனியில இப்படி ஒரு ஆள் இருந்ததே இல்ல லா" என்றார் அண்ணன். முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்ததில் அவர் பொரி தின்னப் போனார். சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கற்பூரம் காட்டினோம்.

அண்ணன் அன்று சந்தோஷமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்த வாரம் அவர் இரண்டு தூரப் பயணம் முடித்திருந்தார். ஒன்று சாஆ என்ற ஊரில் எஸ்டேட் ஸ்டோருக்கு உரம். இன்னொன்று தங்காக்கில் ஒரு ஜவுளிக்கடைக்குத் துணி. அதே கடையில் தீபாவளிக்கு நான்கு பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் தனக்கும் துணி எடுத்து, பணம் கட்டாமல் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரைதான் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். பயணக் காசு சனிக்கிழமை வரும்.

பூஜை முடிந்து இன்ஜினியர் பெண் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணா, அணைச்சீங்களா? ரெண்டையுமா?"

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன். சர்வர்களுக்கு முன்னால் லோட் பேலன்சர் என்று ஒன்று நிற்கிறது. வருகிற வேலையைப் பிரித்துக் கொடுப்பதோடு, சில விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் நலமா என்று கேட்கும். பதில் வராவிட்டால் ஆள் போய்விட்டதென்று முடிவு செய்துவிடும். உடனே பழையது அழிக்கப்பட்டு, அச்சு அசலாகப் புதிதாக ஒன்று எழுப்பப்படும். ஓய்வெடுக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இவ்வளவு கவலைப்படும் இன்னொரு ஜீவனை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இப்ப எல்லா இடத்துலயும் இப்படித்தான் அண்ணா. கிளாஸ கழுவிக் கழுவி வைக்கிற காலம் போச்சு. பேப்பர் கப்பு. தூக்கிப் போட்டுட்டு வேற எடுப்பாங்க. அதனாலதான் கப்புக்குள்ள எதையும் வச்சிடாதீங்கன்னு சொன்னேன்."

சொல்லியிருந்தார். டிரைவர்கள் ஒவ்வொரு பயணம் முடிந்ததும், சரக்கை இறக்கியதற்குக் கையெழுத்தான ரசீதைப் படமெடுத்து ஆப் வழியாக அனுப்புவார்கள். பயணக் காசு அதை வைத்துத்தான். அந்தப் படங்கள் நேராகத் தனிச் சேமிப்புக்குப் போக வேண்டும் என்பது அவருடைய திட்டம். மாதக் கட்டணம் கூடுகிறதென்று முதலாளி அதை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிட்டார். அதனால் படங்கள் சர்வரிலேயே கிடந்து, சனிக்கிழமை மட்டும் சேமிப்புக்கு நகரும். அன்று வியாழன். அந்த வாரப் படங்கள் அழிந்த சர்வர்களோடு போய்விட்டன.

அண்ணனின் போனிலும் படம் இல்லை. அனுப்பி முடித்ததும் ஆப்பே அழித்துவிடும். காகித ரசீது சரக்கை இறக்கிய கடையிலேயே தங்கிவிடும்.

லோட் பேலன்சரின் பதிவு தப்பியிருந்தது. அண்ணனின் போனிலிருந்து அந்த வாரம் இரண்டு படங்கள் வந்தன என்று அதில் இருந்தது. எந்த ஊர் என்று இல்லை.

"ரெண்டு பயணம், ஒத்துக்குறேன். உள்ளூர் ரேட், பயணத்துக்கு முப்பத்தஞ்சு வெள்ளி. ரசீத காட்டு, மீதி தர்றேன்" என்றார் முதலாளி. மற்ற டிரைவர்கள் செனாயைச் சுற்றியே ஓடியவர்கள். அவர்களுக்கு நஷ்டமில்லை.

"பாஸ், உரத்த நீங்கதான ஏத்தி விட்டீங்க?"

"ஏத்தி விட்டேன். எறக்குனத நான் பார்த்தேனா?"

நான் இரண்டு இடத்துக்கும் போன் போட்டேன். சாஆ ஸ்டோர்க்காரர் உடனே ரசீதைப் படமெடுத்து அனுப்பினார். அதை ஆப்பில் ஏற்றினோம், அந்தப் பயணத்துக்கு எண்பது வெள்ளி முழுதாக வந்தது. தங்காக் கடையில் தீபாவளிக் கூட்டம். "பில்லு எல்லாம் மூட்டையா கெடக்கு தம்பி. பண்டிகை முடியட்டும், தேடித் தர்றேன்" என்றார் கடைக்காரர். அதன் ரேட் தொண்ணூற்றைந்து. கிடைத்தது முப்பத்தைந்து.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தங்காக் போனார். கையிலிருந்ததற்குப் பிள்ளைகளின் துணியும் மனைவியின் சேலையும் வந்தன. தன் சட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். தீபாவளியன்று கம்பெனி டி-சட்டையில் நின்று எங்களுக்கு முறுக்கு கொடுத்தார். "பேரு போட்ட சட்டை, ராசியான சட்டை" என்றார். முதலாளியும் சிரித்துக்கொண்டே இரண்டு முறுக்கு எடுத்தார்.

பண்டிகை கழிந்து ரசீது கிடைத்துவிட்டது. கையெழுத்து, முத்திரை எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆப் வழியாக வந்தால்தான் காசு என்பது முதலாளி போட்ட விதி. ஒரு வாரத்துக்கு மேல் பழைய ரசீதை ஆப் வாங்காது. அதை மாற்றுவது சின்ன வேலைதான் என்று இன்ஜினியர் பெண் சொன்னார். முதலாளி அதையும் அடுத்த கட்டத்தில் சேர்த்திருக்கிறார். நான் தினமும் காலையில் திரையைத் திறந்து, இரண்டு பச்சைப் புள்ளிகளையும் பார்த்துவிட்டு, அவரிடம் ஞாபகப்படுத்துகிறேன். குங்குமக் கறை இன்னும் போகவில்லை.

அண்ணனுக்கு வரவேண்டிய பாக்கி அறுபது வெள்ளி.