அடி அண்ணாமலை டீக்கடை பெஞ்சு

இன்று காலை கிரிவலத்தின் நடுவே அடி அண்ணாமலையில் டீ குடிக்க உட்கார்ந்தேன். செருப்பில்லாத என் காலருகே ஒரு நல்லபாம்பு.

பக்கத்தில் கிடந்த கட்டையை எடுத்தேன். கடைக்காரர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அடிக்காதீங்க. மலை சுத்துற வழியில எந்த உயிரையும் கொல்லக் கூடாதுங்க. அசையாம இருங்க, அதுவே போயிடும்.”

போய்விட்டது.

“கடிச்சிருந்தா?” என்றேன்.

சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினார். “என் தம்பி. போன வருஷம், இதே பெஞ்சுல. அவன் கையையும் இப்படித்தான் புடிச்சேன்.”

குரலில் நடுக்கமே இல்லை. அடுத்த டீயை ஆற்றத் தொடங்கினார்.

பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன். மணிக்கட்டில் அவர் விரல் தடம் இன்னும் போகவில்லை.

அவர் செய்தது சரி என்பவர்கள், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கமெண்ட் போடவும். வெறுங்காலோடு.