கார்வின் டேலின் இடது முட்டி

விற்க வந்தவர் பானெட்டைத் திறக்கக் கை நீட்டும்போதே ஞானமுத்து தடுத்துவிடுவார். “அது கெடக்கட்டும். மொதல்ல எறங்கிக் கதவச் சாத்துங்க.” அவர் சாத்துவார். “இன்னொரு வாட்டி.” மறுபடியும் சாத்துவார். ஞானமுத்துவின் பார்வை கதவில் இருக்காது. சாத்துகிற கையில் இருக்கும். சொந்தக் காரின் கதவை அறைந்து மூடுகிறவன் எஞ்சின் ஆயிலையும் நேரத்துக்கு மாற்றியிருக்க மாட்டான் என்பது அவருடைய சித்தாந்தம். இருபத்திரண்டு ஆண்டுகளில் அது பொய்த்தது இரண்டே முறை என்று அவர் சொல்வார். நான்கு முறை என்று அவருடைய மனைவி பெர்சிஸ் சொல்வார்.

அதன் பிறகுதான் காந்தம். சட்டைப் பையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு சோளக் கதிர் வெளியே வரும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பதற்கென்று செய்த பொம்மைக் காந்தம் அது. அமெரிக்காவில், இண்டியானாவில் இருக்கும் சித்தப்பா மகன் கிறிஸ்டோபர் அனுப்பியது. ஞானமுத்து அதைக் காரின் உடம்பெங்கும் மெல்ல நகர்த்துவார். தகடு உள்ள இடத்தில் சோளம் பிடித்துக்கொள்ளும். அடிபட்டுப் பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கி விழும். விழுந்தால் அவர் எதுவும் சொல்வதில்லை. குனிந்து எடுத்து, ஒருமுறை ஊதி, விற்பவரின் முகத்தைப் பார்ப்பார். பல பேரங்கள் அந்தப் பார்வையிலேயே முடிந்துபோயிருக்கின்றன.

பர்மாவின் யாங்கூனில், தாமுவேயிலும் அதைச் சுற்றிய பேட்டைகளிலும், பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். அவருடைய தீர்ப்புகள் சுருக்கமானவை. “ஓடும். ஆனா ஒங்களக் கேட்டு ஓடாது.” “இது வண்டி இல்ல, வாக்குறுதி.” மிகவும் பிடித்துவிட்டால், “கெடக்கு” என்பார், அதற்கு மேல் ஒரு கார் எதிர்பார்க்க முடியாது. கடைசியில் தவறாமல், “எடுக்கிறதும் விடுறதும் ஒங்க பாடு” என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பார். ஆயிரம் கார்களையாவது பார்த்திருப்பார். ஒன்றும் அவருடையது இல்லை. தம் மதிப்பீட்டோடு தாமே குடித்தனம் நடத்தும் அவசியம் அவருக்கு நாற்பத்தொன்பது வயதுவரை ஏற்படவில்லை.

ஏற்படுத்தியவர் கிறிஸ்டோபர்தான். இண்டியானாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் அவர், கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு கற்பனை லீக் நடத்துகிறார். பந்தைக் காலால் தொடுவது அபூர்வமான அமெரிக்கக் கால்பந்தை வைத்து ஆடும் ஆட்டம் அது. பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் நிஜ வீரர்கள் இருபத்தைந்து பேரைத் தம்முடையவர்கள் என்று பெயருக்கு வைத்துக்கொள்வார்கள். வீரர் மைதானத்தில் நன்றாக ஓடினால், வைத்திருப்பவருக்குப் புள்ளி. மற்ற லீக்குகளில் ஆண்டு முடிந்ததும் எல்லாரையும் கலைத்துவிடுவார்கள். கிறிஸ்டோபருடையது டைனஸ்டி லீக். எடுத்த வீரர், விற்கும்வரை அல்லது அவர் ஓய்வு பெறும்வரை, உங்களோடுதான். சொத்து என்றால் என்ன என்று யோசிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். உடையவரை அந்தச் சொத்துக்குத் தெரியாது. ஆனாலும் சொத்துக்குக் காய்ச்சல் வந்தால் உடையவருக்குச் சாப்பாடு இறங்காது.

மூன்று ஆண்டுக்கு முன் ஒரு இடம் காலியானது. வேறு ஆள் கிடைக்காமல், அண்ணனைச் சேர்த்தார் கிறிஸ்டோபர். அதுவரை கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை, “எல்லாரும் சௌக்கியமா” என்று நான்கு நிமிடம் பேசிக்கொண்டிருந்தவர்கள், அன்று முதல் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சண்டை போடுகிறார்கள். ஞானமுத்து தம் அணிக்கு ‘தாமுவே மோட்டார்ஸ்’ என்று பெயர் வைத்தார். மற்றப் பதினொரு பேரும் அதை ‘ஆஸ்பத்திரி’ என்கிறார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரே நிற்கும் மனிதச் சுவருக்குள் புகுந்து ஓடுகிறவருக்கு ரன்னிங் பேக் என்று பெயர். வேலை அப்படி, ஆயுளும் அப்படி. இருபத்தேழு வயதானால் கிழவர். லீக்கில் அவரை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஞானமுத்துவுக்கு இது விளங்கவே இல்லை. யாங்கூனில் கார் கிழடாவதில்லை. புது வண்டி உள்ளே வருவது குதிரைக் கொம்பாகிவிட்ட பிறகு, எட்டு வருடம் முன்னால் வாங்கிய ப்ரோபாக்ஸ் காரை இன்றைக்கு மூன்று மடங்குக்குக் கேட்கிறார்கள். ஓடுகிற பொருளுக்கு விலை ஏறும். அவர் அறிந்த உலகத்தில் அது சூரியன் கிழக்கே உதிப்பதுபோல. “ஓடுற வண்டியக் குப்பையில போடுறானுவ, பெர்சி” என்று இரக்கப்பட்டு, தள்ளிவிட்ட கிழவர்களையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார். முதல் ஆண்டு கிழவர்கள் ஓடினார்கள், மூன்றாம் இடம். இரண்டாம் ஆண்டு, பேசி வைத்துக்கொண்டதுபோல ஒருவருக்குத் தோள், ஒருவருக்குக் கணுக்கால், இருவருக்குத் தொடை. கடைசி இடம்.

இரண்டு ஆண்டு தொடர்ந்து கடைசியில் வந்தால் இடம் பறிபோகும் என்பது லீக்கின் சட்டம். கிறிஸ்டோபரின் மேலாளருக்கு ஒரு மருமகன் இருக்கிறார். அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு இளைஞன் இருந்தான். கார்வின் டேல், இருபத்துமூன்று வயது. எவரோ வேண்டாம் என்று விட்டதை ஞானமுத்து எடுத்தது. ஓடிய ஓட்டத்தில் லீக்கே வாயைப் பிளந்தது. இந்த ஆண்டு மூன்றாம் வாரம், யாரும் மோதாமலே, திரும்புகிற திருப்பத்தில் இடது முட்டியின் தசைநார் அறுந்து விழுந்தான். ஞானமுத்து அதைத் திங்கள் காலை ஐந்து மணிக்கு, பல் துலக்குவதற்கு முன்னால் பார்த்தார். அன்று காந்தத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார் என்று பெர்சிஸ் சொல்கிறார்.

அவரைக் கெட்டிக்காரர் என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். அடிபட்ட வீரரைத் தனி வரிசைக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் வேறொருவரை ஆட விடலாம். அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அவர் இரண்டு வாரம் அதைத் தொடவில்லை. ஆள் படுத்திருக்கும்போது பெயரை வெட்டுவது முறையாகாது என்று பட்டதாம். இரண்டு வாரமும் டேலின் கணக்கில் பூஜ்யம். தாமுவே மோட்டார்ஸ் மறுபடியும் பன்னிரண்டாவது இடத்தில் போய் நின்றது.

அப்போதுதான் கிறிஸ்டோபரிடமிருந்து பேரம் வந்தது. டேலைக் கொடுத்தால், பதிலுக்குத் திடமான இருபத்தைந்து வயது ரன்னிங் பேக் ஒருவன். கூடவே அடுத்த ஆண்டு புதுமுகங்களில் முதல் தேர்வு. ஃபோனில் பச்சைப் பொத்தான் சம்மதம், சிவப்பு மறுப்பு. அந்த வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்கும்வரை பதில் சொல்லலாம். யாங்கூனுக்கு அது வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால்.

எடுத்தால் இந்த ஆண்டு கடைசி இடத்திலிருந்து ஏறிவிடலாம். லீக்கில் இடம் தங்கும். விட்டால் டேல் தங்குவான். ஆனால் அவன் எழுந்து ஓடுவது அடுத்த ஆண்டு. அந்த அடுத்த ஆண்டில் ஞானமுத்து இருப்பாரா என்பதுதான் சந்தேகம். எதிர்காலத்தில் மதிப்புள்ள ஒரு பொருள், எதிர்காலம் இல்லாதவன் கையில் என்ன மதிப்பு பெறும் என்பது நல்ல கேள்வி. நான்கு நாள் அவர் அந்தக் கேள்வியோடு பஸ்ஸில் போய்வந்தார். பார்த்த கார்களுக்கெல்லாம் “கெடக்கு” என்றே தீர்ப்புச் சொன்னார். அவரை நம்பி இரண்டு பேர் வாங்கியும் விட்டார்கள்.

பெர்சிஸ் ஒரு எலும்பு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறார். கிளினிக் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஊரிலுள்ள கெட்டுப்போன முட்டியெல்லாம் அவர் கண் முன்னால் ஏறி வருகிறது. டேலின் முட்டி தேறுமா என்று கணவர் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, வெங்காயம் நறுக்கிக்கொண்டே தம் அனுபவத்தைச் சொன்னார்.

“ஆபரேஷனுக்குப் பொறவு மேல வர்றவன் கண்ணு எங்க இருக்குன்னு பாப்பேன். படியையே பாத்துக்கிட்டு வந்தா அவனுக்கு இன்னும் நாளாவும். டோக்கன் நம்பரப் பாத்துச் சண்டைக்கு வந்தான்னா ஆள் தேறிட்டான்.”

இணையத்தில் டேலின் பதினான்கு விநாடிப் படம் ஒன்று கிடைத்தது. ஊன்றுகோல்களோடு காரிலிருந்து இறங்குகிறான். முழங்கையால் கதவை, உள்ளே குழந்தை தூங்குவதுபோல, சாத்துகிறான். அந்த இடம் வந்ததும் ஞானமுத்துவின் முகம் மலர்ந்தது. பெர்சிஸுக்குக் கதவில் அக்கறை இல்லை. ஃபோனை வாங்கி, மூக்குக்கு அருகில் வைத்து, டேலின் கண்களைப் பார்த்தார். அவன் தரையைப் பார்க்கவில்லை. யாரோ நீட்டிய சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பொழச்சுக்குவான்” என்று சொல்லி, ஃபோனை வெங்காயக் கையோடு திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே ஞானமுத்து தெருமுனை டீக்கடையில் இருந்தார். தாழ்வான பிளாஸ்டிக் முக்காலி, பாலும் சீனியும் தூக்கலான ச்சோஸெய்ங் டீ, எதிரே ஜாபிர். ஜாபிர் கார்த் தரகர், ஊர்ப் பேச்சில் ப்வேசா. ஞானமுத்துவின் காந்தத்தால் எத்தனையோ பேரம் இழந்தவர்; ஆனாலும் இருபது ஆண்டாக ஒரே மேஜை. அவருக்கு அமெரிக்கக் கால்பந்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. பேரம் தெரியும். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, டீயைச் சாஸரில் ஊற்றி ஒரு வாய் உறிஞ்சினார்.

“மூணு சக்கரத்துல நிக்கிற வண்டிக்கு நாலு சக்கர வண்டியும் குடுத்து, மேல ஒரு புது டயரும் தாரானா?”

“ஆமா பாய்.”

“அப்ப ஒண்ணு அவனுக்கு எதுவோ தெரியும். இல்ல, ஒனக்கு எதுவோ தெரியல.”

ஞானமுத்துவுக்குச் சுருக்கென்றது. நான்கு நாளாக முட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். விலையைப் பார்க்கவே இல்லை. அடிபட்ட பொருளுக்கு இவ்வளவு விலை சொல்கிறவனைத் தெருவில் கண்டிருந்தால், அவரே வாங்குபவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பார். அங்கேயே கிறிஸ்டோபரை அழைத்தார். இணையத் தடையைத் தாண்ட வைத்திருந்த வி.பி.என். இரண்டு முறை அறுந்து மூன்றாம் முறை பிடித்தது. கிறிஸ்டோபர் உடனே எடுத்தார். பின்னால் ஏதோ வண்டி பின்னோக்கி வரும் ‘பீப் பீப்’ சத்தம்.

“அண்ணே, இன்னும் அமுக்கலியா? பத்து நிமிசந்தான் இருக்கு.”

“டேலுக்கு இந்த வெல ஆவாது, கிறிஸ்டோ. ஏன் குடுக்கிற?”

கிறிஸ்டோபர் முதலில் முட்டியைப் பற்றி ஏதோ சொன்னார். அடுத்து, தம் அணியின் தேவைகளைப் பற்றிச் சொன்னார். ஞானமுத்து, விற்பவர்களிடம் காத்திருப்பதுபோல, பேசாமல் காத்திருந்தார். பீப் சத்தம் நின்றது.

“இந்த வருசமும் கடைசின்னா ஒங்களத் தூக்கிருவாங்க. சட்டம் நான் போட்டதுதான், மாத்தவும் முடியல. அந்த மருமகப் பையனோட நான் என்னத்தப் பேச? அவனுக்கு எங்க வீட்டுல யாரத் தெரியும்?”

“அப்ப நீ டேலுக்கு வெல சொல்லல. எனக்குச் சொல்லியிருக்க.”

“எப்படி வேணா வச்சுக்குங்க அண்ணே. பச்சைய அமுக்குங்க.”

“அமுக்குப்பா” என்றார் ஜாபிரும். ஃபோன் ஒலிபெருக்கியில் இருந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள்கூட மொழி புரியாமலே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “தர்மமாக் குடுத்தா என்ன, கடனாக் குடுத்தா என்ன. வண்டி வந்தாச் சரி.”

ஞானமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆறு நாற்பத்திரண்டு. “எடுக்கிறதும் விடுறதும் ஒங்க பாடு” என்று சொல்லிவிட்டு நடப்பதற்கு அன்று அவருக்கு எதிரே எவரும் இல்லை. ஆள்காட்டி விரல் திரைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சிவப்பை அமுக்கினார்.

கிறிஸ்டோபருக்கு அங்கே அது உடனே தெரிந்திருக்க வேண்டும்.

“கடைசி வந்துட்டா, அண்ணே?”

“வந்துட்டாப் போறேன். நீ ஞாயித்துக்கெழம எப்பவும்போலக் கூப்பிட்டுச் சண்ட போடு. அதுக்கு லீக்குல எடம் எதுக்கு?”

மறுமுனையில் மறுபடியும் ‘பீப் பீப்’ கேட்டது. கிறிஸ்டோபர் அதற்கு மேல் குரலை உயர்த்தினார். “அந்த முட்டி தேறாது. எழுதி வச்சுக்குங்க.”

“தேறும்.”

“தேறாது அண்ணே. நான் வீடியோ பாத்தேன்.”

“நீ எதப் பாத்த? அவன் கண்ணப் பாத்தியா?” என்றபடியே ஞானமுத்து அந்தப் பதினான்கு விநாடிப் படத்தைத் திறந்து, டேல் நிற்கிற இடத்தில் நிறுத்தினார்.

ஜாபிருக்குப் பொறுக்கவில்லை. கைக்கு வந்த ஒரு நல்ல வண்டி தெருவோடு போவதை நேரில் பார்த்தவர்போல மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கோப்பை துள்ளி, ச்சோஸெய்ங் ஃபோன் மேல் சிதறியது. திரையில் ஊன்றுகோல்களில் நின்றுகொண்டிருந்த கார்வின் டேல் தலைமுதல் கால்வரை நனைந்துபோனான். இண்டியானாவிலிருந்து கிறிஸ்டோபர் முட்டியின் தசைநார்களைப் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தார். ஞானமுத்து “ம், ம்” என்று கேட்டபடியே கைலியின் நுனியைத் தூக்கி ஃபோனைத் துடைத்தார். நெற்றியை அழுத்தித் துடைத்தார். தோளையும் மார்பையும் துடைத்தார். இடது முட்டி வந்ததும் விரலைத் தளர்த்தி, துணியை மெல்ல ஒற்றி ஒற்றி எடுத்தார்.