சாம்பல் போட்டு வெளக்கின வேன் கண்ணாடி

தொண்ணூத்தஞ்சு வாக்குல திருச்சுழியில வாடகைக்கு வேன் ஓட்டிக்கிட்டிருந்தேன். ஜல்லி லாரிக்குப் பின்னாடி போயிப் போயி ஒரே வருசத்துல ரெண்டு தடவ முன் கண்ணாடி போச்சு. சலிச்சுப்போயி, மதுரையில கண்ணாடி மாதிரியே இருக்குற பிளாஸ்டிக்குத் தகட வாங்கி மாட்டிட்டேன். கல்லு பட்டா ஒடையாது, லேசுல கீறலும் விழாதுன்னாரு கடைக்காரரு. ஈரத்துணியத் தவிர எதையும் போட்டுத் தேய்க்காதீகன்னும் சொன்னாரு. அது மட்டும் என் காதுல ஏறல.

நம்ம வாயி சும்மா கெடக்குமா? ஸ்டாண்டுல நின்னு, எவன் வேணாலும் கீறிப் பாருங்கடான்னுட்டேன். ஒருத்தன் சாவிய வச்சு இழுத்தான், ஒண்ணும் ஆகல. எனக்குத் தலகால் புரியல. இன்னொருத்தன் ஆணியக் கொண்டாந்து ஒரே இழு. விரல் நீளத்துக்குக் கோடு. ஸ்டாண்டே சிரிச்சுச்சு. அதோட விட்டிருந்தா நான் மனுசன். கோட்ட அழிக்கிறேன்னு தேங்கா நாரும் சாம்பலுமா, பித்தளக் குண்டான வெளக்குற மாதிரி மொத்தத்தையும் வெளக்கி வச்சேன். மங்கலாத்தான் தெரிஞ்சுச்சு. தூசியா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

மறுநா சாயங்காலம் ஒரு பிள்ளத்தாச்சிக்கு வலி கண்டுருச்சு. மாமியாளோட ஏத்திக்கிட்டு அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்புனேன். ஊரத் தாண்டி மேக்க திரும்புனதும் எதிர்வெயிலு கண்ணாடியில அடிச்சுச்சு. அம்புட்டுதான், மோர ஊத்துன மாதிரி வெள்ளையா நிக்குது. கழட்டி எறிவோம்னா, நாந்தான் பசையப் போட்டு ஒட்டித் தொலைச்சிருக்கேனே. தலைய வெளிய நீட்டுனா புழுதி கண்ண அப்புது. கத்துற சத்தம் கேட்டுத்தான் ஆட்டுக் கூட்டமே தெரிஞ்சுச்சு. குட்டிக்கும் பம்பருக்கும் சாண் தூரம்.

மாமியாளுக்குக் கண்ணுல பொரை, ஆளு சரியாத் தெரியாது. எறக்கிவிடு, நடந்தே போறோம்னு வஞ்சாக. அந்தப் பிள்ளதான் எந்திரிச்சு வந்து முன் சீட்டுல உக்காந்து, எடதுபக்கச் சன்னல்ல தலைய நீட்டுச்சு.

"நான் சொல்லச் சொல்ல நீங்க ஓட்டுங்கண்ணே. சைக்கிளு வருது, எடத ஒடிங்க."

வலி வந்தா பல்லக் கடிச்சுக்கிட்டு என் தோளப் புடிக்கும், நான் வண்டிய நிப்பாட்டிருவேன். விட்டதும் "ம், போங்க"ங்கும். நடுவுல நான் சாமியெல்லாம் கூப்பிட்டுப் பொலம்பவும், "வலி எனக்கா, ஒங்களுக்காண்ணே?"ன்னுச்சு.

போயிச் சேந்த கொஞ்ச நேரத்துல பொம்பளப்பிள்ள பெறந்துச்சு. ரெண்டு உசுரும் சொகம். மாமியா வெளிய வந்து, "பேரு வைக்க அவசியம் வாங்க. பஸ்ஸுல வாங்க"ன்னாக.

மறுநாளே பழையபடி கண்ணாடி மாட்டிட்டேன். இன்னைக்கும் எதிர்வெயில்ல ஓட்டுறப்ப எடதுபக்கமிருந்து அந்த "ம், போங்க" கேக்குற மாதிரி இருக்கும், அப்ப மட்டுந்தான் என் வாயி தானா அடங்குது.